ஹோல் முழுக்க ஆறுமூலை டைல் போடலாமா? களுவாஞ்சிகுடியில தங்கச்சி வீடு

#1 தோகா மட்டு
எல்லாருக்கும் வணக்கம். நான் கட்டார்ல வேலை. களுவாஞ்சிகுடியில தங்கச்சிக்கு வீடு கட்டிக்கிட்டிருக்கம். ஆவணியில கல்யாணம். வீட்டோடதான் குடுக்கணும், நம்மட பக்கத்து வழக்கம் தெரியும்தானே. கூரை போட்டாச்சு, பூச்சும் முடிஞ்சுது, தரை மட்டும்தான் மிச்சம்.

இஞ்ச நான் வேலை செய்யிற ஹோட்டல்ல கீழ்மாடித் தரை முழுக்க அறுகோண டைல். சாம்பலும் வெள்ளையும், இடைக்கிடை ஒண்டொண்டு கடல் நீலம். ஒவ்வொரு நாளும் அதை மிதிச்சுத்தான் டியூட்டிக்குப் போறன். அப்பிடியே எங்கட ஹோலுக்கும் போடணுமெண்டு ஆசை. ஹோல் 12க்கு 14 அடி. நான் பாத்து வச்சிருக்கிற டைல் ஒரு பக்கத்தில இருந்து எதிர்ப்பக்கத்துக்கு 20 சென்ரிமீற்றர்.

அம்மா வேணாமெண்டு ஒத்தக் கால்ல நிக்கிறா. "அறுகோணம் முருகன்ட சக்கரம், அதப் போய் காலால மிதிக்கிறதா" எண்டு கேக்கிறா. மேசன் சதுர டைலுக்கு வாங்குற கூலிய விட ஒண்டரை மடங்கு கேக்கிறார். தங்கச்சி "உங்கட விருப்பம் அண்ணா" எண்டு சொல்றாள். அவள் அப்பிடிச் சொன்னா விருப்பமில்ல எண்டுதான் கருத்து.

போட்ட ஆக்கள் யாரும் இருந்தாச் சொல்லுங்க. எத்தின டைல் வாங்கணும்? எங்க பிழைக்கும்?

#2 அம்பாறைத் தம்பி
தேன்கூட்டுக்குள்ள குடித்தனம். மாப்பிள்ளைக்குக் கொட்டு விழாமப் பாத்துக்கங்க அண்ணே.

#3 கணக்கு டீச்சர்
அம்மாட விசயத்த முதல்ல பாப்பம். நான் மண்டூர், முருகன் கோயிலடி, அதால எனக்கும் இதில ஒள்ளுப்பம் உரிமை இருக்கு. முருகன்ட சக்கரம் ரெண்டு முக்கோணி ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடக்கிற நட்சத்திரம். டைல் அப்பிடியில்ல, அது ஆறு பக்கமுள்ள பல்கோணி. பள்ளிக்கூடத்தில நாங்க அறுகோணி எண்டுதான் படிப்பிக்கிறம். பேர் ரெண்டும் ஒட்டிக் கிடக்கிறதால வந்த குழப்பம் இது. ஆனா ஒண்டு, அந்த நட்சத்திரத்தில நீட்டிக்கொண்டு நிக்கிற ஆறு முனையையும் வெட்டிவிட்டா நடுவில மிஞ்சுறது ஒழுங்கான அறுகோணிதான். இத அம்மாக்குச் சொல்லிப்போடாதீங்க.

தெசலாக்கம், அதாவது வடிவங்கள இடைவெளியில்லாம அடுக்கித் தளத்த மூடுறது, படிப்பிக்கிற ஒவ்வொரு வருசமும் ஒரு பிள்ளையாவது கேக்கும், ஏன் டீச்சர் ஐங்கோணி டைல் இல்லையெண்டு. ஐங்கோணிட மூலை 108 பாகை. மூணைச் சேர்த்து வச்சா 324, மிச்சம் 36 பாகை வெளியாக் கிடக்கும். நாலாவது வைக்கப் போனா இடம் காணாது. அறுகோணிக்கு 120, மூணு சேர்ந்தா 360, இடைவெளியே இல்ல. ஒரே அளவான ஒழுங்கான வடிவம் ஒண்ட மட்டும் வச்சுத் தரைய மூடுறதெண்டா முக்கோணி, சதுரம், அறுகோணி மூணாலதான் ஏலும். அந்த மூணிலயும் ஒரே பரப்புக்கு ஆகக் குறைஞ்ச சுற்றளவு அறுகோணிக்கு. தேனீக்கு இது தெரியுமெண்டு 4 ஆம் நூற்றாண்டில அலெக்சாந்திரியாவில இருந்த பப்பஸ் எழுதி வச்சிட்டுப் போனார். எந்த வடிவத்த எடுத்தாலும் அறுகோணிய வெல்ல ஏலாதெண்டு முழுசா நிறுவினது 1999 இல, தோமஸ் ஹேல்ஸ்.

இனி உங்கட கணக்கு. எதிர்ப்பக்க அகலத்த அதாலயே பெருக்கி 0.866 ஆல பெருக்குங்க. 20 × 20 × 0.866, ஒரு டைல் 346 சதுர சென்ரிமீற்றர். ஹோல் 168 சதுர அடி, அதாவது 15.6 சதுர மீற்றர். 450 டைல் வரும். வெட்டுக் கழிவுக்கு 15 வீதம் சேர்த்தா 518. சதுர டைலெண்டா 10 வீதத்தோட தப்பிடலாம்.

#4 தோகா மட்டு
டீச்சர், பிந்திட்டிங்க. நீங்க எழுதினத தங்கச்சி அம்மாக்கு வாசிச்சுக் காட்டிட்டாள். கடைசி வரியையும் சேர்த்து.

#5 மட்டத்தடி
தம்பி, ஒண்டரை மடங்கு கேட்ட மேசன் கள்ளனில்ல. அதே கூலிக்கு ஓமெண்டு சொல்றவர்தான் ஆபத்து. நான் ஆரையம்பதி, 19 வருசமா டைல் வேலை.

சதுர டைல்ல ஒரு வரி பிழைச்சா அடுத்த வரியில கொஞ்சம் இழுத்து மறைச்சிடலாம். இதில மறைக்க இடமில்ல. ஒவ்வொரு டைலும் ஆறு பேரத் தொட்டுக்கொண்டு கிடக்கு. ஒண்டு அரை மில்லிமீற்றர் பெருத்தா ஆறு பேருக்கும் இடிக்கும். பத்தடி போறதுக்குள்ள நூல விட்டு விலகிடும். அதால கடையிலயே பெட்டியப் பாருங்க. லொட் நம்பர், ஷேட் நம்பர், அளவு எல்லாம் அடிச்சிருக்கும். எல்லாப் பெட்டியிலயும் ஒண்டா இருக்கணும். ரெண்டு பெட்டி வேற லொட்டில வந்தா திருப்பிக் குடுங்க. கடைக்காரர் "ஒண்டும் விளங்காது" எண்டு சொல்லுவார். பகல் வெளிச்சத்தில நல்லா விளங்கும்.

தரை மட்டம். ரெண்டு மீற்றர் மட்டத்தடிய எந்தப் பக்கம் வச்சாலும் கீழ 3 மில்லிமீற்றருக்கு மேல வெளி தெரியக் கூடாது. தெரிஞ்சா முதல்ல அதச் சரிப்படுத்துங்க. டைல் போடேக்க பசைய ஏத்தி இறக்கிச் சமாளிப்பமெண்டு வேலை துவங்கினா மூலை துருத்திக்கொண்டு நிக்கும், வெறுங்காலால நடக்கேக்க பெருவிரல்ல தட்டும்.

மறுகா ஒட்டுற விசயம். பழைய ஆக்கள் டைலுக்குப் பின்னால தனிச் சீமெந்துக் கூழ் அப்பி ஒட்டுவாங்க. அந்தக் காலத்து டைல் தண்ணி குடிக்கும், குடிக்கேக்க சீமெந்தையும் இழுத்துப் பிடிக்கும். இப்ப வாற போர்சலின் 100 கிராம் நிறைக்கு அரைக் கிராம் தண்ணிக்கு மேல குடியாது. கூழ் பிடிக்க அங்க ஒண்டுமில்ல. ஒட்டின மாதிரிக் கிடக்கும், ரெண்டு வருசத்தில தட்டினா டொக்கு டொக்கெண்டு சத்தம் வரும். போர்சலினுக்குப் பையில வாற டைல் பசைதான் சரி. பல்லுக் கரண்டியால தரையில இழுத்து, டைல்ட முதுகிலயும் மெல்லிசாப் பூசி வைக்கணும்.

டைலுக்கு இடையில வெளி ஒரே அளவா வர வைக்கிற ஸ்பேசர் மூணு கால் உள்ளத வாங்குங்க. நாலு கால் உள்ளதில ஒரு கால ஒடிச்சுப்போட்டுப் பாவிக்கிற ஆக்கள் இருக்காங்க. அது 90 பாகைக்குச் செஞ்ச சாமான், இஞ்ச மூலை 120.

ஆகப் பெரிய விசயம் செவரோரம். அறுகோணத்தில ரெண்டு செவருக்கு நேர்ப்பக்கம் முட்டும், மத்த ரெண்டு செவருக்கும் கூர் முட்டும். நேர்ப்பக்கம் முட்டுற செவரில ஒரு வரி முழு டைல், அடுத்த வரி பாதி. ஒரு டைலக் கூருக்குக் கூர் வெட்டினா ரெண்டு பாதி கிடைக்கும், கழிவு குறைவு. கூர் முட்டுற பக்கம்தான் துண்டும் துணுக்குமா வீணாப் போகும். கதவு, சன்னல், சாமான் எல்லாம் பாத்து எந்தப் பக்கம் எது வரணுமெண்டு ஒட்ட முன்னம் முடிவெடுக்கணும். பசை இல்லாம ரெண்டு வரி சும்மா பரப்பிப் பாருங்க. வாசல்ல நிண்டு பாக்கேக்க நடு சரியா விழணும், ஓரத்தில விரல் அகலத் துணுக்கு வரக் கூடாது. வந்தா நடுவ அரை டைல் தள்ளுங்க. இந்தப் பரப்பிப் பாக்கிற வேலைக்கே எனக்கு முக்கால் நாள் போகும். அதுக்குத்தான் அந்த ஒண்டரை மடங்கு.

செவரோரம் 8, 10 மில்லிமீற்றர் வெளி விடச் சொல்லுங்க, செவரடியில ஒட்டுற ஸ்கேர்ட்டிங் பட்டி வந்து மூடிடும். செவரோட இறுக்கிப் போட்டா சூட்டுக்கு டைல் நெஞ்ச நிமித்தும்.

வெள்ளாமை வெட்டு முடியிறவரைக்கும் கையாள் கிடைக்காது. அதையும் யோசிச்சு நாள் வையுங்க.

#6 சாய்ந்தமருது காக்கா
அஸ்ஸலாமு அலைக்கும். மட்டத்தடி சொன்ன எல்லாத்திலயும் நான் பட்டிருக்கன். அதுக்கு மேல ஒண்டும் பட்டிருக்கன்.

மகள்ட வீட்டுக்கு மூணு வருசத்துக்கு முன்னம் ஹோல் முழுக்க ஆறுமூலை போட்டன். டவுன்ல ஒரு கடை, பேர் வேணாம். வடிவான பூ டைல். "இது தரைக்கும் போடலாம் ஹாஜியார்" எண்டாங்க. போட்டன். எட்டு மாசத்தில வாசலடியில மினுக்கம் போயிட்டு, மணல் கீறின கீறு வெயில் படேக்க வெள்ளி நூல் மாதிரித் தெரியும். செற்றிக் கால் இழுபட்டதில ஒண்டு வெடிச்சும் போச்சு. மறுகாதான் ஒரு இஞ்சினியர்ப் பொடியன் பெட்டியப் பாத்துச் சொன்னார், இது செவத்து டைல் மாமா எண்டு. செவத்து டைல் பிஸ்கட் மாதிரி, நூத்துக்குப் பத்துக்கு மேல தண்ணி குடிக்கும், பாரம் தாங்காது. நம்மட ஊர்ல முத்தம் முழுக்கக் கடல் மணல். செருப்பில ஒட்டி வாற அந்த மணல் அரத்தாள் மாதிரி வேலை செய்யும். தரைக்கு வாங்கேக்க பெட்டியில தேய்மான வகுப்பு எழுதிக் கிடக்கிறதப் பாருங்க. 1 இல இருந்து 5 வரைக்கும் இருக்கு. ஹோலுக்கு 4க்குக் குறைஞ்சத நான் இனி வாங்க மாட்டன்.

தம்பிட உம்மா சொன்னதக் கேட்டுச் சிரிப்பு வந்திச்சு. எங்கட பள்ளிவாசல்கள்ள ஆறு முனை நட்சத்திரமும் ஆறுமூலையும் செவத்திலயும், மிம்பர் எண்டு சொல்ற பிரசங்க மேடையிலயும் இழைஞ்சு கிடக்கும். துருக்கிக்குப் போன நேரம் எதிர்னேயில முராதியே பள்ளிவாசலப் பாத்தன், 15 ஆம் நூற்றாண்டு வேலை. நீலமும் வெள்ளையுமா ஆறுமூலை ஓடு, பூ பல மாதிரி. எல்லாம் செவத்தில. ஒண்டும் தரையில இல்ல. உம்மாக்கு இதச் சொல்லிப் பாருங்க, செவத்துக்கு ஓமெண்டு சொல்லக்கூடும்.

#7 அம்பாறைத் தம்பி
இவ்வளவு பாடு என்னத்துக்கு? ஒட்டுற ஸ்டிக்கர் வருது, ஆறுமூலையும் இருக்கு. ஒரு பின்னேரத்தில வேலை முடிஞ்சிடும்.

#8 கல்லடிக்காரி
அந்த ஸ்டிக்கர நானும் ஒட்டினன் தம்பி. குசினிச் செவத்தில, அடுப்புக்குப் பின்னால. ஒரு மாரி தாங்கல. ஈரக்காத்துக்கு மூலை சுருண்டுது, சுருண்ட இடத்துக்குள்ள மீன் பொரிச்ச எண்ணெய் போச்சு, எண்ணெய்க்குக் கரப்பான் வந்துது.

அதக் கிழிச்சுப்போட்டு உண்மையான டைல் போட்டன். ஒரு அங்குல ஆறுமூலை, வலையில ஒட்டித் தாள் தாளா வருமே, அது. வெள்ளை டைல், இடைவெளிய நிரப்புற கிரவுட்டும் வெள்ளை. மூணு மாசம் ஆசுப்பத்திரி மாதிரிப் பளிச்செண்டு கிடந்துது. எங்கட குழாய்க் கிணத்துத் தண்ணியில இரும்பு. வாளியில பிடிச்சு வச்சா மேல செம்மஞ்சள் ஆடை கட்டும். அந்தத் தண்ணியால துடைச்சுத் துடைச்சு இப்ப கிரவுட் எல்லாம் தேத்தண்ணிக் கலர். பல் விளக்குற பிரஷால ஒவ்வொரு கோடா உரஞ்சுறன். டீச்சர், ஒரு சதுர மீற்றர்ல எவ்வளவு கோடு இருக்குமெண்டு கணக்குப் பாத்துச் சொல்லுங்க, என்ட கை நோவுக்கு ஒரு கணக்காவது இருக்கட்டும்.

#9 கணக்கு டீச்சர்
80 மீற்றர்.

சதுரமோ அறுகோணியோ, எதிர்ப்பக்க அகலம் ஒண்டெண்டா கோட்டு நீளமும் ஒண்டுதான். 2 ஐ அகலத்தால (மீற்றர்ல) வகுங்க. 60 சென்ரிமீற்றர்ச் சதுரத்துக்கு ஒரு சதுர மீற்றர்ல 3.3 மீற்றர் கோடு. தம்பி கேக்கிற 20 சென்ரிமீற்றர் டைலுக்கு 10 மீற்றர். உங்கட ஒரு அங்குலத்துக்கு 80. "ஆறுமூலையெண்டா அழுக்குக் கூட" எண்டு எல்லாரும் சொல்றது வடிவத்தால இல்ல அக்கா, சின்னதா வாங்குறதால.

#10 மட்டத்தடி
கல்லடி அக்கா, அந்தக் கிரவுட்டுக்கு அசிட் ஊத்திடாதீங்க. கறையோட கிரவுட்டும் கரைஞ்சு போகும். மேல இருந்து மூணு மில்லிமீற்றர் சுரண்டி எடுத்துப்போட்டு சீமெந்தில்லாத, பிசின்ல செஞ்ச எபொக்சிக் கிரவுட் நிரப்பலாம். விலை கூட, கை வேகமா வேலை செய்யணும், இறுகினாப் பிறகு துடைக்க ஏலாது. ஆனா எண்ணெயும் இரும்புத் தண்ணியும் உள்ள போகாது. கலர் வெள்ளை வேணாம், சாம்பல் எடுங்க.

சின்ன டைல் கூடாதெண்டும் இல்ல. குளிக்கிற அறைத் தரைக்கு அதப் போல ஒண்டு இல்ல. கோடு கூடின இடத்தில கால் வழுக்காது, தண்ணி ஓடச் சரிவு குடுக்கவும் லேசு.

#11 படவரைஞர்
மேசன் வேலையைப் பற்றி மட்டத்தடி சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பார்வையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அம்பாறைப் பக்கம் வீட்டுப் படம் வரைவதுதான் என் பிழைப்பு.

தம்பி பார்த்தது ஹோட்டல் முகப்பு. அங்கே தரை வெறுமையாகக் கிடக்கும், நாற்பதடி தள்ளி நின்று பார்க்கலாம், அந்தத் தூரத்தில்தான் ஆறுமூலை ஒரு விரிப்பாகத் தெரியும். உங்கள் ஹோல் 12க்கு 14. அதற்குள் செற்றி, டீப்போ, டீவி மேசை, கல்யாணச் சீராக வரும் கண்ணாடி அலுமாரி. எல்லாம் வந்து குந்திய பிறகு தரையில் பாதிகூடத் தெரியாது. தெரிகிற பாதியிலும் ஒவ்வொரு கதிரைக் காலும் ஒவ்வோர் அறுகோணத்தை வெட்டும். மூன்று நிறத்தையும் அதில் கலந்தால் கண்ணுக்கு ஓய்விருக்காது. இப்படி இரண்டு வீடு நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கம் போனால் உள்ளே போவதில்லை.

நிறம் கலந்தால்தான் அழகு என்பதும் இல்லை. பார்சலோனாவில் அந்தோனி கவுதி 1904 இல் ஒரு வீட்டுக்கென்று வரைந்த அறுகோண ஓடு ஒன்று உண்டு. அந்த வீட்டில் அது பதிக்கப்படவில்லை, பிறகு அவர் கட்டிய காசா மிலா என்ற கட்டடத்தில் பதித்தார்கள். ஒரே நிறம். கடல் பாசி, நட்சத்திர மீன், சுருள் சங்கு ஆகியவற்றின் கோடுகள் மட்டும் ஓட்டில் புடைத்து நிற்கும். ஒரு ஓட்டை மட்டும் பார்த்தால் பாதிப் பாதியாக என்னவென்றே விளங்காது. ஏழு ஓடு சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். பின்னாளில் அந்த நகரத்தின் பெரிய வீதியொன்றின் நடைபாதைக்கே அந்த வடிவம் போயிற்று. வாவியையும் கடலையும் இரு பக்கமும் வைத்திருக்கிற நம்மட ஊரில் இப்படி ஒன்றை யாரும் செய்து பார்க்கவில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை. அது வேறு கதை.

என் யோசனை இதுதான். ஹோலுக்குப் பெரிய சதுர டைல், வெளிர் நிறம், பேசாமல் கிடக்கட்டும். ஆறுமூலையை இரண்டு இடத்தில் மட்டும் வையுங்கள். ஒன்று வாசல் விறாந்தை. அங்கே சாமான் இல்லை, வருகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். மழைச்சாரல் அடிக்கிற இடம் என்பதால் மினுக்கம் இல்லாத டைலாக, வழுக்கு வகுப்பு ஆர் 10 அல்லது ஆர் 11 என்று எழுதியதாக எடுங்கள். மற்றது குசினியில் மேடைக்கும் மேல் அலுமாரிக்கும் இடைப்பட்ட சுவர். விறாந்தை டைல் ஹோலுக்குள் நுழைகிற இடத்தில் நேராக வெட்டாமல், அறுகோணங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து உள்ளே போவது போல விட்டு, மிச்சத்தை மெருகு போட்ட சீமெந்துத் தரையால் நிரப்பினால் வெகு அழகாக இருக்கும்.

#12 மட்டத்தடி
படவரைஞர் சொன்ன கடைசி வரிய மட்டும் கேக்காதீங்க. படத்தில வடிவாத்தான் இருக்கும். டைல்ட ஒவ்வொரு கூருக்கும் சீமெந்த இழைச்சு மட்டம் பிடிக்கணும், கூரடியில சீமெந்து முதல் வருசமே நூல் மாதிரி வெடிக்கும். கதவு நிலைக்குக் கீழ நேர் வெட்டு, ஒரு அலுமினியப் பட்டி, வேலை முடிஞ்சுது.

#13 படவரைஞர்
வெடிப்பு வரும்தான். சீமெந்துக்கும் டைலுக்கும் இடையில் இளகிய பசை ஒரு நூல் அகலம் நிரப்பினால் வராது.

#14 மட்டத்தடி
அந்த ஒரு நூல ஆறு பக்கமும் வளைச்சு நிரப்ப நீங்க வாறயளா?

#15 அம்பாறைத் தம்பி
சண்டை பிடிக்காதீங்க. எங்கட மூத்தம்மாட வீட்டில சிவப்புச் சீமெந்துத் தரை. 78 சூறாவளியில கூரை போச்சு, தரை போகல. தேங்காய்ப் பூவால தேச்சுத் தேச்சு முகம் பாக்கலாம். மத்தியானத்தில அதில படுத்தா வாற நித்திரை எந்த டைல்லயும் வராது. நான் சொன்ன ஸ்டிக்கர் கதைய மறந்திருங்க.

#16 நான்தான் அந்தத் தங்கச்சி
எல்லாருக்கும் வணக்கம். அண்ணா இந்த இழைய எனக்கு அனுப்பி வாசிக்கச் சொன்னார். முழுக்க வாசிச்சன்.

அண்ணா, எனக்கு ஆறுமூலை விருப்பம்தான். ஹோல்லதான் விருப்பமில்ல. ஹோல்ல நான் எவ்வளவு நேரம் நிக்கப்போறன்? விடிய எழும்பினா குசினி, வேலையால வந்தா குசினி. நீங்க அனுப்பின படம் எல்லாத்திலயும் ஹோல், ஹோல், ஹோல். குசினிக்கு "வெள்ளை டைல் போதும்" எண்டு மேசனுக்குச் சொல்லிட்டிங்க. எனக்கிட்ட ஒருக்காக் கூடக் கேக்கல. அதாலதான் உங்கட விருப்பம் எண்டு சொன்னன்.

குசினிச் செவர் ஒம்பது அடி நீளம், மேடைக்கும் அலுமாரிக்கும் இடையில ரெண்டடி. கலர் நீலம் வேணாம். பின்னேரம் வெயில் சாயிற நேரம் வாவித் தண்ணி ஒரு பச்சையா இருக்குமே, அது. அம்மாக்கிட்டக் கேட்டன். செவரெண்டா பரவாயில்லையாம், விளக்கேத்துற பக்கம் மட்டும் வராமப் பாக்கச் சொன்னா. விறாந்தைக்கு யோசிச்சுச் சொல்றாவாம்.

#17 தோகா மட்டு
சரி தங்கச்சி. கேக்காதது பிழைதான்.

#18 கணக்கு டீச்சர்
பிள்ளை, உங்களுக்குக் கணக்கு நல்லா விழுது. அறுகோணிய கூர் மேல பாக்க வையுங்க. எதிர்ப்பக்கம் 20 எண்டா கூருக்குக் கூர் 23.1. ஒரு வரிக்கு மேல அடுத்த வரி ஏறேக்க 17.3 தான் கூடும், ஏனெண்டா கூர் ரெண்டு டைலுக்கு இடையில இறங்கும். நாலு வரி வச்சு, ஆகக் கீழயும் ஆக மேலயும் நீட்டுற கூரை வெட்டினா 63 சென்ரிமீற்றர் சொச்சம். உங்கட ரெண்டடி 61. அதாவது கூரோட ஒரு விரல் கூட வெட்டினா நாலு வரி அச்சொட்டா இருந்திடும். நீளத்துக்கு வரிக்கு 14 டைல், நாலு வரிக்கு 56, கழிவோட 65. விறாந்தை எவ்வளவு?

#19 நான்தான் அந்தத் தங்கச்சி
அஞ்சுக்கு எட்டு அடி டீச்சர்.

#20 கணக்கு டீச்சர்
அப்ப அதுக்கு 107, கழிவோட 123. ரெண்டுக்கும் சேர்த்து 188. பெட்டிக் கணக்குக்கு 200 எடுங்க.

#21 மட்டத்தடி
டீச்சர்ட கணக்கு சரி. ஆனா விறாந்தைக்கும் குசினிக்கும் ஒரே டைல் எண்டா தரைக்குப் போடுற போர்சலினாத்தான் எடுக்கணும். தரை டைலச் செவத்தில போடலாம், செவத்து டைலத் தரையில போடக் கூடாது. காக்காட கதை ஞாபகம் இருக்கட்டும். பாரம் கூட, அதால செவத்தில கீழ் வரிக்கு நேராக் கட்டை அடிச்சுத் தாங்கல் குடுத்திட்டுத்தான் மேல ஏத்தணும், இல்லாட்டி விடியேக்க எல்லாம் ஒரு அங்குலம் இறங்கிக் கிடக்கும். கரண்ட் பிளக் எங்க வருதெண்டு இப்பவே பாருங்க. மூணு டைல் சந்திக்கிற இடத்தில பிளக் விழுந்தா மூணையும் வெட்டணும். ஒண்டுட நடுவில விழுற மாதிரி எலக்ரீசியனுக்குச் சொன்னா ஒண்டு வெட்டினாப் போதும்.

#22 கல்லடிக்காரி
பிள்ளை, கிரவுட் வெள்ளை வேணாம். கை எடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன்.

#23 நான்தான் அந்தத் தங்கச்சி
நாலு மாசத்துக்குப் பிறகு எழுதுறன், சுணங்கினதுக்குக் குறை நினைக்காதீங்க.

குசினி முடிஞ்சுது. நாலு வரி, டீச்சர் சொன்ன மாதிரியே. சாம்பல் எபொக்சி. பிளக் ரெண்டில ஒண்டு டைலுக்கு நடுவில விழுந்துது. மற்றது விழல, எலக்ரீசியன் அளந்தது பூச்சுக்கு முந்தியாம். அந்த மூணு டைலையும் வெட்ட மேசனுக்கு ஒரு பின்னேரம் போச்சு, வெட்டேக்க ரெண்டு உடைஞ்சும் போச்சு. அண்ணா அனுப்பின படத்தில இருக்கிற பச்சையும் இதுவும் ஒண்டில்ல. கடையில பாக்கேக்க ஒரு பச்சை, லைட் போட்டா இன்னொரு பச்சை. காலமை ஏழு மணிக்கு யன்னலால வெயில் வரேக்க மட்டும் நான் கேட்ட பச்சை.

விறாந்தைக்கும் அம்மா கடைசியில ஓமெண்டா. ஆனா ஒரு நிபந்தனை வச்சா. வாசப்படிக்கு நேர கோலம் போடுற இடத்தில ஆறுமூலை வரக்கூடாது. அதால அவடத்த மட்டும் ரெண்டடிச் சதுரத்துக்குச் சிவப்புச் சீமெந்து போட்டம். சுத்தி வர டைல், நேர் வெட்டு, பட்டி. படவரைஞர் ஐயா மன்னிக்கணும். வாற ஆக்கள் எல்லாரும் டைலப் பாக்கிறதில்ல, அந்தச் சிவப்புச் சதுரத்தத்தான் பாத்துக் கேக்கிறாங்க.

200 வாங்கினம், 17 மிச்சம். அம்மா கட்டிலுக்குக் கீழ அடுக்கி வச்சிருக்கா. யாருக்கும் வேணுமா?

#24 படவரைஞர்
மன்னிக்க ஒன்றும் இல்லை பிள்ளை. அந்தச் சிவப்புச் சதுரம் எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் இருக்கு.

#25 மட்டத்தடி
எல்லாத்தையும் குடுத்திடாதீங்க. பத்த வச்சுக்கொள்ளுங்க. நாளைக்கு ஒண்டு வெடிச்சா அந்த லொட் திரும்பக் கிடைக்காது.

#26 சாய்ந்தமருது காக்கா
பிள்ளை, மிச்சம் ஏழும் எனக்குப் போதும். வீட்டில தொழுகைக்கு முன்னம் கை கால் கழுவி வுழூ எடுக்கிற பைப்புக்குப் பின்னால செவர் வெறுமனே கிடக்கு. நடுவில ஒண்டு, சுத்தி ஆறு. வாற வெள்ளி ஜும்மாக்குப் பிறகு மகனையும் கூட்டிக்கிட்டு வாறன், அம்மாக்கிட்டச் சொல்லி வையுங்க.